கற்பிட்டியில் பிறந்த புலவர் சரித்திரம்

கற்பிட்டி என்றதும் பலருக்கு நினைவில் வருவன கருவாடும், ஒல்லாந்தர் கட்டிய கோட்டையும், தலவில் அன்னம்மாள் திருவிழாவுமே. ஒருபுறம் கடல், மறுபுறம் புத்தளம் களப்பு. இந்த ஒடுங்கிய மணல் நிலத்தில் 1807ஆம் ஆண்டு பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. தமிழ்ப் புலவர் வரலாற்றை எழுதப் புகுந்தோர் எவரும் அவரைத் தாண்டிப் போனதில்லை.

எழுத்தாளன் தனித்திருந்து எழுதுகிறான் என்ற எண்ணம் நம்மிடையே வலுவானது. என் வகுப்பில் கதை எழுதும் மாணவரும் அப்படித்தான் எண்ணுகின்றனர். எழுதியதை அருகிலிருப்பவனுக்குக்கூடக் காட்டமாட்டார்கள். காசிச்செட்டி வேறு வழியிற் சென்றவர். புத்தளத்தின் மணியகாரராக இருந்த அவருக்கு ஊர்த்தலைவரோடும் குடிகளோடும் பழகுவதே உத்தியோகம். அப்பழக்கத்தை அவர் எழுத்துக்கு முதலாக்கினார். இலங்கையின் ஊர்களையும் துறைமுகங்களையும் ஆறுகளையும் அகரவரிசையில் விவரிக்கும் ‘சிலோன் கெசற்றியர்’ என்ற ஆங்கில நூல் 1834இல் கோட்டே சர்ச் மிஷன் அச்சகத்தில் வெளிவந்தபோது அவருக்கு வயது 27. ஒரு தீவு முழுவதையும் பற்றிய இத்தகைய நூல் ஒருவரின் கண்ணால் மட்டும் ஆகக்கூடியதன்று. பலர் சொல்ல, ஒருவர் எழுதியது அது. எனினும் முகப்பில் ஒரு பெயரே உண்டு.

1838 முதல் 1845 வரை சட்ட நிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக இருந்தார். 1845இல் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை தோன்றியது. அதன் சஞ்சிகைக்கு அவர் அளித்த கட்டுரைகளுள் ஒன்று சீறாப்புராணம் பற்றியது. ஒரு கிறிஸ்தவர், இஸ்லாமியக் காப்பியம் ஒன்றை ஆங்கிலம் வல்ல சபைக்கு எடுத்துரைக்கிறார். கற்பிட்டியிலும் புத்தளத்திலும் முஸ்லிம் மக்களிடையே வாழ்ந்தவருக்கு இது அயல்வீட்டுச் செல்வம். அயலாரை மதித்துக் கேட்டவர்க்கே இப்படி எழுத வரும் என்பது என் துணிபு.

அவர் பெயரை நிலைநிறுத்தியது 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சான ‘தமிழ் புளூட்டாக்’. கிரேக்க, உரோமப் பெரியாரின் வரலாறுகளை எழுதிய புளூட்டாக்கின் பெயரைத் தாங்கிய இந்நூல், தென்னிந்தியாவிலும் ஈழத்திலும் வாழ்ந்த ஏறத்தாழ 200 புலவர்களைப் பற்றிக் கூறுகிறது. இதற்கு முன்னோடியாக, 1829இல் கல்கத்தாவில் வெளிவந்த காவலி வெங்கடராமசுவாமியின் தக்கணக் கவிஞர் வரலாற்றைச் சொல்லலாம். சங்க நூல்கள் பெரும்பாலும் அச்சேறாத காலம் அது. ஏடு வைத்திருந்தோரையும் கதை அறிந்தோரையும் நம்பியே எழுத வேண்டியிருந்தது. ஆதலால் செவிவழிக் கதைகள் பல வரலாறாகப் புகுந்தன. கால நிர்ணயங்கள் தடுமாறின. அவற்றைக் காட்டி அவரைக் குறைத்துப் பேசுவோரும் உளர். வேறு எதைக் கொண்டு அவர் எழுதியிருப்பார்?

என்னை உறுத்துவது வேறொன்று. தமிழ்ப் புலவரின் இவ்வரலாறு தமிழில் இல்லை. அவருடைய தொடர்புகளும் சபைகளும் ஆங்கிலத்தையே சார்ந்திருந்தன. தமிழில் அவர் முயலாமலும் இல்லை. 1841இல் ‘உதயாதித்தன்’ என்ற தமிழ் மாத இதழைத் தொடங்கினார். அது நெடுநாள் நிலைக்கவில்லை. அதே ஆண்டில் யாழ்ப்பாணத்தில் தோன்றிய ‘உதயதாரகை’க்குப் பின்னால் அமெரிக்க மிஷனும் அதன் அச்சுக்கூடமும் பாடசாலைகளும் இருந்தன, அது நீடித்தது. எழுதும் வல்லமை இருந்தும் தாங்கும் கூட்டம் இல்லாவிடில் இதழ் என்னாகும் என்பதற்கு இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாற் போதும்.

1860இல் காசிச்செட்டி காலமானார். தமிழ் வாசகர் அவருடைய உழைப்பின் பயனைப் பெற மேலும் 26 ஆண்டுகள் சென்றன. உதயதாரகையின் ஆசிரியராக விளங்கிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, காசிச்செட்டியின் நூலைப் பெரிதும் ஆதாரமாகக் கொண்டு, மேலும் பல புலவர்களைச் சேர்த்துப் ‘பாவலர் சரித்திர தீபக’த்தை 1886இல் தமிழில் வெளியிட்டார். உயிரோடிருந்தபோது தமிழில் வாய்க்காத கூட்டாளி, மறைந்தபின் வாய்த்தார். 1916இல் சுன்னாகம் குமாரசுவாமிப் புலவரின் ‘தமிழ்ப் புலவர் சரித்திரம்’ வந்தது. 1946இல் தமிழ் புளூட்டாக்கே தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளுடன் மீண்டும் அச்சேறியது. கற்பிட்டிக்காரர் தொடங்கிய உரையாடலுக்கு, 87 ஆண்டுகள் கழித்துத் தமிழகத்துப் பேராசிரியர் ஒருவர் பதில் எழுதிக்கொண்டிருந்தார்.