புனல் கூறும் தீர்ப்பு

வடசென்னையில் யானைக்கவுனி என்னும் பெயரை அறியாதார் இலர். கவுனி என்பது மதில்வாயில். 18-ஆம் நூற்றாண்டில் நகரைச் சூழ எழுப்பிய மதிலின் வாயில்களுள் ஒன்றே இப்பெயர் பெற்றது. வாயில் மறைந்தது, பெயர் நிலைத்தது. மதிலின் எஞ்சிய பகுதியை மாடிப் பூங்காவில் இன்றும் காணலாம்.

அக்காலக் கட்டடங்களில் செங்கற்களைப் பிணைத்தது சுண்ணச்சாந்து. அதனோடு வெல்ல நீரும் கடுக்காய் நீரும் கலப்பது தென்னாட்டுக் கொத்தர் மரபு. சுண்ணாம்புக்கு உற்ற துணையான அவ்வெல்லமே சிமெண்டுக்குப் பகையாகும். சிமெண்டின் எடையில் ஆயிரத்தில் இரண்டு முதல் பத்துப் பங்கு வரை சர்க்கரை சேர்ந்தால், அது இறுகுவது ஏறத்தாழ நின்றேவிடும். தனித்தனியே நல்லனவாகிய பொருள்கள் கூடும்போது தீமை விளைவதும் உண்டு என்பதற்கு இதுவே சான்று.

இந்தியாவில் முதன்முதலாகச் சிமெண்ட் செய்ய முயன்ற இடங்களுள் சென்னைக்குச் சிறப்பிடம் உண்டு. 1904-இல் தென்னிந்திய இண்டஸ்ட்ரியல்ஸ் நிறுவனம் கடற்சிப்பிகளைக் கொண்டு இங்கே சிமெண்ட் செய்தது. அம்முயற்சி நீடிக்கவில்லை. பின்னர்ச் சிமெண்டின் வலிமையை அளக்கும் பணியிலும் வடசென்னைக்குப் பங்கு கிடைத்தது. ஆய்வுக்கூடங்கள் யாவும் ஒரே வகை மணலைப் பயன்படுத்தினாலன்றி முடிவுகளை ஒப்பிட இயலாது. முன்பு இதற்கு இங்கிலாந்தின் லெய்ட்டன் பஸ்ஸர்டு மணலை நாடினர். பிறகு எண்ணூர் மணலே இந்தியாவின் தரமணலாயிற்று.

ஆயினும் வலிமைச் சோதனை ஒரு சிமெண்டின் குணத்தையே கூறும்; அதன் கூட்டுறவைக் கூறாது. 1960-களில் ஜப்பானிலும் ஜெர்மனியிலும், குறைந்த நீரிலேயே கான்கிரீட்டை இளகச் செய்யும் புதிய சேர்மானங்கள் தோன்றின. அனல்மின் நிலையச் சாம்பலும் கலவையில் இடம்பெற்றது. பொருள்கள் பெருகவே பிணக்கும் பெருகியது.

பிணக்கின் காரணம் யாது? சிமெண்டிலுள்ள அலுமினேட் நீர் பட்டவுடன் விரைந்து வினைபுரியும். ஜிப்சம் அதனைத் தடுத்து நிறுத்தும். ஜிப்சம் போதிய அளவு கரையாவிடில், அலுமினேட் இளக்கும் சேர்மானத்தைத் தானே விழுங்கிவிடும். லாரி வந்து சேருமுன் கலவை விறைத்துப் போகும். வேலை நடக்கவேண்டுமே என்று அதில் நீரை ஊற்றுவார்கள். அந்நீர் தூணின் வலிமையைக் குறைக்கும். அத்தூணை நம்பி வாழ்வோரின் உயிருக்கும் ஊறு நேரலாம்.

இதனை முன்கூட்டியே அறிய ஒரு புனல் போதும். எண்ணெய்க் கிணறு தோண்டுவோர் சேற்றுக் குழம்பை அளக்க 1931-இல் மார்ஷ் என்பவர் வகுத்த புனல் அது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்களும் இம்முறையைக் கையாண்டுள்ளனர். சிமெண்ட், நீர், சேர்மானம் மூன்றையும் கூழாகக் குழைத்துப் புனலில் ஊற்றி, குறித்த அளவு கூழ் வடியும் நேரத்தைக் கணக்கிடுவர். சேர்மானத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் வடியும் நேரம் குறையும். ஓர் அளவுக்குமேல் கூட்டியும் பயன் இராது. அதுவே நிறைவளவு. ஒரு மணி நேரம் கழித்து அக்கூழை மீண்டும் ஊற்றுவர். முன்போலவே ஓடினால் பொருள்கள் இணங்கின. நேரம் பெரிதும் நீண்டால் அவை பிணங்கின என்பது தெளிவு. அவ்வாறாயின் சிமெண்டையோ சேர்மானத்தையோ மாற்றிச் சோதிப்பர்.

பெருங்கட்டடம் எழுப்புமுன் ஒரு குவளைக் கூழைச் சோதிப்பது சிறு செயலே. எனினும் இடிந்தபின் வருந்துவதினும் வடியும்போதே அறிவது நன்றன்றோ?