நாணயத்தின் நாணயம்

'நாணயம்' என்னும் சொல்லுக்கு நம் தமிழில் இரு பொருளுண்டு. கைமாறும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் வழங்குவது சிந்திக்கத்தக்கது. பொன், வெள்ளிக் காசுகளைச் சேர்க்கும் ஆர்வம் நம் இளைஞர் சிலரிடம் உண்டு. அவர்கள் சேர்ப்பது வெறும் உலோகத்தையா, அன்றி அரசர்கள் உலகுக்குக் கொடுத்த வாக்கையா என்பதைச் சரித்திரத்தின் துணைகொண்டு சிறிது ஆராய்வோம்.

உரோம ஆசிரியர் பிளினி கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுதிய நூலில் நம் இலங்கையைப் பற்றி ஒரு செய்தி வருகின்றது. செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளொக்காமஸ் என்பவரின் ஆள் ஒருவன் அராபியக் கரையோரம் செல்கையில், காற்றினால் அலைக்கழிக்கப்பட்டு இத்தீவின் துறையொன்றை அடைந்தான். அரசன் அவனை ஆறு திங்கள் உபசரித்தான். அவனிடமிருந்த தினாரி என்னும் வெள்ளிக் காசுகளை அரசன் நோக்கியபொழுது, முகங்கள் வெவ்வேறாக இருந்தன. எடையோ ஒன்றாகவே இருந்தது. ஆள்வோர் மாறியும் அளவு மாறாத அந்த நேர்மையை வியந்த அரசன் உரோமுக்குத் தூதர் நால்வரை அனுப்பினான். குளோடியஸ் மன்னன் காலத்து (41–54) நிகழ்ச்சி இது. படையைக் கண்டன்று, காசைக் கண்டே நம் நாட்டரசன் நட்பை நாடினான்.

ஆனால் அந்த நேர்மை நீடிக்கவில்லை. ஓர் இறாத்தல் வெள்ளியில் 84 தினாரி அடிப்பது வழக்கமாயிருக்க, கி.பி. 64இல் நீரோ மன்னன் அதை 96 ஆக்கினான்; மாற்றையுங் குறைத்தான். பின்வந்தோர் படைச் செலவுக்காக மேன்மேலுங் கலப்புச் செய்தனர். கலியேனஸ் ஆட்சி 268இல் முடிந்தபோது, வெள்ளிக் காசு எனப்பட்டதில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூட இல்லை. வெள்ளிப் பூச்சுத் தேய்ந்ததும் செம்பு தோன்றியது; விலைவாசி ஏறியது. முகம் பெரிதாயிருந்தும் வாக்குச் சிறிதாயிற்று.

இழந்த நம்பிக்கையைப் பொன்னால் மீட்டவன் கொன்ஸ்தந்தைன் (306–337). ஓர் இறாத்தலுக்கு 72 காசு என்ற அளவில் அவன் அடித்த 'சொலிடஸ்' என்னும் பொற்காசு, ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் தன் தரத்தைக் காத்தது. ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மஸ் என்பார் எழுதிய நூலிலும் இலங்கையே களமாகின்றது. யாருடைய அரசன் பெரியவன் என்று சோபத்திரோஸ் என்னும் வணிகனும் ஒரு பாரசீகனும் வாதிட்டனராம். "இருவர் காசையும் பாருங்கள்" என்றான் சோபத்திரோஸ். பாரசீகக் காசு வெள்ளி. மற்றையது ஒளிவிடும் பொன். இலங்கை வேந்தன் சோபத்திரோசை யானைமீதேற்றி முரசு முழங்க ஊர்வலஞ் செய்வித்தானாம். கதை எவ்வளவுக்கு உண்மையோ, காசு தன் அரசனுக்குத் தூதுவன் என்ற கருத்து உண்மையே.

இந்தப் பாடம் நம் தீவுக்கும் பொருந்தும். அநுராதபுரத்தின் பிற்காலத்தில் கஹவணு என்னும் பொற்காசு இங்கு வழங்கிற்று. சோழர் கல்வெட்டுகளிலே குறிக்கப்படும் 'ஈழக்காசு' இதுவேயென அறிஞர் கருதுவர். பதினோராம் நூற்றாண்டில் இதன் மாற்றுக் குறைந்தது. பராக்கிரமபாகுவின் காலத்துக் (1153–1186) காசோ செம்பாகவே இருக்கின்றது.

நம் வீடுகளிலே நன்கு அறிமுகமான காசு ஒன்றுண்டு. "தாலிக்கொடி எத்தனை பவுண்?" என்று கேளாத கலியாண வீடு ஏது? இந்தப் பவுண், 1817இல் இங்கிலாந்து புதுக்கி அடித்த பொற்காசின் பெயர். அதன் எடை 7.98 கிராம், 22 கரட், தூய பொன் 7.32 கிராம். 1931இல் இங்கிலாந்து பொன் நியமத்தைக் கைவிட்ட பின்னரும் அக்காசின் எடையும் மாற்றும் மாறவில்லை. ஆதலாலேயே காசின் பெயர் நம்மிடையே எட்டுக் கிராம் நிறைக்குப் பெயராயிற்று. தென்னாபிரிக்கா 1967இல் வெளியிட்ட குருகெர்ராண்டும், கனடா 1979இல் வெளியிட்ட மேப்பிள் இலைக் காசும் முதலீட்டுக்கென்றே பிறந்தவை. அவற்றின் விலை அவற்றிலுள்ள பொன்னைப் பொறுத்தது.

இவற்றின் அருகே யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் காசொன்றை வைத்துப் பாருங்கள். 'சேது' என்ற எழுத்தும் நந்தியும் பொறித்த அக்காசுகள் பெரும்பாலும் செம்பே. உருக்கினால் கால்பிடி உலோகமும் தேறாது. ஆயினும் தமிழெழுத்துப் பொறித்துக் காசடித்த ஓர் அரசு இங்கிருந்ததென்பதற்கு அது கண்கண்ட சாட்சி. நிறுத்தறியும் விலை ஒன்று, படித்தறியும் விலை மற்றொன்று. இரண்டையும் அறிந்தவனே உண்மையான சேகரிப்பாளன்.

ஆகவே இளைஞர்களே, பழங்காசு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து அழியும். பத்தரிடம் உருக்கக் கொடுக்காதீர்கள், சாட்சி சாகும். மண்ணிலே கண்டெடுத்தால் இடத்தைக் குறித்துவைத்துத் தொல்பொருட் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் விதிப்பதும் அதுவே. பெரியோர்களே, உங்கள் பெட்டகத்திலுள்ள காசின் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கதை தெரியாத பிள்ளைக்கு அது வெறும் பவுணே.

அன்று ஓர் ஈழத்தரசன் வெள்ளிக் காசுகளை நிறுத்து, ஒரு நாட்டின் நேர்மையை அளந்தான். நாமும் சொல்லிலும் செயலிலும் மாற்றுக் குறையாதிருப்போமாக.