கூகரை ஒலியெழுப்பி அழைக்கும் வேட்டை

கூகர் (பூமா, மலைச் சிங்கம்) அமெரிக்கக் கண்டங்களில் வாழும் பூனைக் குடும்ப விலங்கு ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இதை நாய்களால் துரத்தி, மரத்தில் ஏறச் செய்து சுடுவது நெடுநாள் வழக்கம். ஓரிகன் 1994இலும் வாசிங்டன் 1996இலும் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் பொழுதுபோக்கு வேட்டையில் நாய்களுக்குத் தடை விதித்தன. அதன்பின் ஒலியழைப்பு முறை முக்கியத்துவம் பெற்றது.

காயமுற்ற முயல் அல்லது மான்குட்டியின் கதறலை ஊதுகருவியால் எழுப்பி, வேட்டைக்காரர்கள் அசையாமல் காத்திருப்பார்கள். கூகர் ஓசையின்றிப் பதுங்கி வரும் என்பதால், பாறையிலோ மரத்திலோ முதுகு சாய்த்து அமர்வார்கள்.

மரத்தில் ஏறிய கூகர் ஆணா பெண்ணா என்று நிதானமாகப் பார்க்கலாம். ஒலி கேட்டு வரும் கூகரைச் சில நொடிகளில் அவ்வாறு அறிவது கடினம். குட்டிகளை மறைவிடத்தில் விட்டு வந்த தாய் சுடப்பட்டால், அக்குட்டிகளும் பட்டினியால் இறக்க நேரிடும்.