கந்தல் துணியில் எழுதிய வாழ்க்கை: வங்கக் காந்தாவும் ஒரு கவிதையும்

காந்தா என்பது வங்காளத்தில் முதலில் ஒரு போர்வை, அவ்வளவுதான். நைந்துபோன சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, ஓட்டுத் தையலால் பிணைப்பார்கள். வண்ண நூலையும் பழைய சேலைக் கரையிலிருந்தே உருவிக்கொள்வார்கள். நெருங்கி ஓடும் தையல் அடுக்குகளை இறுக்கும்போது துணியின் பரப்பு சுருங்கி, குளத்து நீரில் சிற்றலை எழுந்ததுபோல் ஆகிவிடும். நடுவில் விரிந்த தாமரை. நான்கு மூலையிலும் மரமோ மாங்காய் வடிவமோ. இடைவெளியில் படகு, பல்லக்கு, மீன், சீப்பு என்று தைப்பவள் கண்ணில் பட்டதெல்லாம். இப்படியொரு வீட்டுப் பொருள் பெண்ணின் மனக்குறிப்பேடாகப் பார்க்கப்பட்டது எப்போதிருந்து என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

பழைய சான்றுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் வங்க மாவட்டங்களில் திரட்டியவை, கொல்கத்தாவை அடுத்த ஜோக்காவில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காகத் தைத்த காந்தா புகழ்பெற்றது. தன் பெயரையும் அவள் நூலாலேயே எழுதிவைத்திருக்கிறாள். இந்தக் காலத்துக் காந்தாக்களில் நான் காண்பது துயரத்தைவிட வேண்டுதலும் பாசமும்தான். கூடவே சாகேபுகளையும் சிப்பாய்களையும் வேடிக்கை பார்க்கும் குறும்பும் உண்டு.

துயரத்தின் சாயல் அழுத்தமாக ஏறியது கவிதை வழியாக. ஃபரீத்பூர் மாவட்டத்தில் 1903இல் பிறந்த கவிஞர் ஜசீமுத்தீன், நாட்டார் இலக்கிய ஆய்வாளர் தினேஷ் சந்திர சென்னுக்காகக் கிராமப் பாடல்களைத் தேடிச் சேகரித்தவர். ஜசீமுத்தீனின் கதைக்கவிதையான ‘நக்ஷி காந்தார் மாட்’ (சித்திரக் காந்தாவின் வயல்) 1929இல் வெளிவந்தது. ரூபாயும் ஸாஜுவும் காதலித்து மணக்கிறார்கள். நிலத் தகராறில் கொலை விழ, ரூபாய் ஊரைவிட்டு ஓடுகிறான். காத்திருக்கும் ஸாஜு, தன் திருமணம் முதல் பிரிவு வரை அத்தனையையும் ஒரு காந்தாவில் படம் படமாகத் தைக்கிறாள். இறக்கும் தறுவாயில் அதைத் தன் கல்லறைமேல் விரிக்கும்படி தாயிடம் கேட்கிறாள். பல காலம் கழித்து, அந்தக் காந்தாவைப் போர்த்தியபடி கல்லறையருகே ஒருவன் இறந்து கிடப்பதை ஊரார் காண்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: தாமரையும் மரமும் பொதுச் சின்னங்கள், பெண்கள் வழிவழியாகக் கற்றவை. ஸாஜு தைப்பதோ அவளுக்கு மட்டுமே உரிய கதை. ‘நக்ஷி காந்தா’ என்ற பெயர் பரவலானதே இக்கவிதைக்குப் பின்புதான். கலையைப் பார்த்துக் கவிதை பிறந்தது. பிறகு கவிதையின் கண்ணால் கலையைப் பார்க்கத் தொடங்கினார்கள். 1939இல் கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் காந்தா பற்றி எழுதிய கட்டுரை வேறு பாதையில் சென்றது. கந்தல்களை ஒன்றாக்கும் செயலிலேயே அவர் ஆன்மிகப் பொருள் கண்டார். அவர் சேகரித்த காந்தாக்கள் இன்று ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் உள்ளன.

1971 விடுதலைப் போருக்குப் பின் வங்கதேசத்தில் காந்தா பிழைப்புக்கான தொழிலாயிற்று. 1978இல் தொடங்கிய ஆரோங் போன்ற விற்பனை அமைப்புகள் அதைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தன. ஓவியர் சுரையா ரஹ்மான் பட்டுத்துணியில் காட்சிகளை வரைந்து தர, ஏழைப் பெண்கள் தைத்தார்கள். வேலைப்பாடு அருமையானது. ஆனால் வரைபவர் ஒருவர், தைப்பவர் இன்னொருவர் என்றானபின் துணியில் இருப்பது யாருடைய மனம் என்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தா புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது; காந்தாக் கலைஞர் தக்தீரா பேகத்துக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இவை மகிழ்ச்சிக்குரியவையே. எனினும் கடைக்கு வரும் பெரும்பாலான காந்தாக்களில் நிறுவனத்தின் பெயர்ச்சீட்டு மட்டுமே இருக்கிறது. தைத்தவரின் பெயரையும் ஊரையும் அதில் சேர்ப்பதற்குப் பெரிய செலவில்லை. விற்பவர்கள் அதைச் செய்ய வேண்டும், வாங்குபவர்கள் கேட்டுப் பெற வேண்டும்.