வீடுதோறும் சென்ற வைத்தியர்

வைத்தியர் ஒருவர் நம் இல்லம் தேடி வருதலைப் பெரும் பாக்கியமென்றே நம் முன்னோர் கருதினர். அவர் வாயிற்படி ஏறியவுடனே பாதி நோய் நீங்கிற்று என்பார்கள். அவ்வாறு படியேறி வந்தவரே நோயையும் உடன் கொணர்ந்தார் எனின் யார் நம்புவர்? ‘ஆம், யானே கொணர்ந்தேன்’ என்று அவ்வைத்தியரே அச்சிட்டு வெளிப்படுத்தினார் எனின்? அத்தகைய ஒருவர் சரித்திரத்தை நம் சங்கத்து அன்பர்களுக்கும், சிறப்பாக அவர்தம் இல்லத்துப் பெண்மணிகளுக்கும் எடுத்துரைக்க விழைகின்றேன்.

ஸ்காட்லாந்து தேசத்தின் வடகீழ்க் கரையில் அபர்டீன் என்னும் துறைமுகப் பட்டினம் உளது. அதனருகே ஒரு குடியானவர் வீட்டில் 1752-ஆம் ஆண்டு இரட்டையருள் ஒருவராய்ப் பிறந்தவர் அலெக்ஸாண்டர் கார்டன். கல்வி முடித்து 1780-இல் கடற்படையில் வைத்திய உத்தியோகம் ஏற்றார். 1785-இல் லண்டன் சென்று பிரசவ வைத்தியத்தைத் தனியே பயின்றார். பின்னர் ஊர் திரும்பி, அங்கிருந்த தர்ம வைத்தியசாலையில் அமர்ந்தார். தர்ம வைத்தியசாலை எனின், கட்டில்கள் வரிசையாய்க் கிடக்கும் இக்காலத்து ஆஸ்பத்திரி என்று எண்ணற்க. அஃது ஏழைகளுக்கு இலவசமாக மருந்து கொடுக்கும் இடம். எழுந்து வரமாட்டாதவரை வைத்தியர் அவர்தம் வீட்டுக்கே சென்று பார்த்தல் வேண்டும். பிள்ளைப்பேறும் அக்காலத்தில் வீட்டிலேதான். மருத்துவச்சிகளே பெரும்பாலும் அதனைக் கவனித்தனர். பேறு கடினமாயின் வைத்தியருக்கு ஆள் ஓடும்.

1789-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அவ்வூரில் சூதிகா ஜுரம் புகுந்தது. நல்லபடியாகப் பிள்ளை பெற்றுக் கிடந்தவள் இரண்டொரு நாளில் குளிரால் நடுங்குவாள், சுரம் கொதிக்கும், அடிவயிறு தொடமுடியாதபடி வலிக்கும். சிலர் ஒரு வாரத்துக்குள் மாண்டனர். இக்கொடுமை 1792 வரை நீடித்தது. காரணம் யாதென வினவின், காற்றுக் கெட்டதென்றார் ஒரு சாரார்; தாய்ப்பால் வழிதவறி உடலுள் பாய்ந்ததென்றார் பிறிதொரு சாரார். நூல் கற்ற பண்டிதரே இங்ஙனம் கூறினர்.

கார்டன் செய்தது மிக எளிய காரியம். தாம் பார்த்த நோயாளிகளை ஒரு பட்டியலாக எழுதினார். பெண்ணின் பெயர், வயது, குடியிருக்கும் இடம், நோய் கண்ட நாள், பிழைத்தாளா இறந்தாளா என்பது, அவளுக்குப் பேறு பார்த்தவர் யார் என்பது; இவ்வாறு 77 பெண்கள். வீடுதோறும் நடந்தவராகலின் இவையெல்லாம் அவருக்குக் கிடைத்தன. பட்டியலின் கடைசிக் கட்டத்தை நோக்கியபோது உண்மை புலனாயிற்று. காற்றே காரணமாயின் ஊரிலுள்ள பிரசவ ஸ்திரீகள் எல்லோரையும் அது பற்றியிருத்தல் வேண்டுமன்றோ? அப்படிப் பற்றவில்லை. இந்நோய் கண்டவளைத் தொட்டுப் பணி செய்த மருத்துவச்சியோ தாதியோ வைத்தியரோ அடுத்து எவ்வீட்டுக்குச் சென்றாரோ அவ்வீட்டுப் பெண்ணுக்கே நோய் கண்டது. இன்ன மருத்துவச்சி பேறு பார்த்தாள் என்று கேட்டமாத்திரத்தில், இன்னாளுக்கு நோய் வரும் என்று முன்கூட்டியே சொல்லக்கூடியவரானார்.

இதுகாறும் வந்த பின் வேறொருவராயின் மருத்துவச்சிகள்மீது பழி முழுவதையும் சுமத்தி வாளாவிருந்திருப்பர். கார்டன் 1795-இல் வெளியிட்ட தம் நூலில் மருத்துவச்சிகளின் பெயர்களைப் பொறித்தார். அத்துடன் தம்மாலும் பல பெண்களுக்கு இத்தொற்று எய்தியது என்பதைச் சொல்ல நேர்ந்தமை தமக்கு ஒவ்வாததாயினும் உண்மையே என்று ஒப்புக்கொண்டார். வைத்தியத் தொழிலால் வயிறு வளர்ப்பவர் இதனை எழுதுவது எத்துணை அரிது! பதில் எழுத வகையற்ற உழைப்பாளிப் பெண்களை அச்சில் பெயர் சுட்டியது சரியா என்று என் மனம் இன்னும் தயங்குகின்றது. தம்மையும் அதே குற்றத்தில் நிறுத்திக்கொண்டமையால் அவரைப் பெரிதும் குறை கூற இயலவில்லை.

நோயாளியின் உடையையும் படுக்கையையும் எரித்தல் அல்லது நன்றாகச் சுத்தம் செய்தல், பணி செய்தோர் தம்மைக் கழுவிக்கொண்டு உடைகளுக்குப் புகையூட்டுதல் ஆகியவையே அவர் கூறிய தடுப்பு முறைகள். பேறு நடந்த வீட்டுக்குச் சென்று வந்தோர் தலைமுழுகுதல் நம்மிடையே உள்ள பழைய வழக்கம். அதற்குத் தீட்டு காரணமெனக் கூறினரேயன்றித் தொற்று எனக் கூறினரல்லர். அதனைக் காட்டி நம்மவர் இதனை முன்னரே அறிந்தனர் எனப் பெருமை பேசுதல் எனக்கு உடன்பாடன்று. கார்டனும் எல்லாம் அறிந்தவரல்லர். நோய் கண்டவுடன் ஏராளமாக இரத்தம் வாங்குதலும் பேதி கொடுத்தலுமே உயிர் காக்கும் என்று உறுதியாக நம்பினார், அந்நம்பிக்கை தவறானது.

ஊரார் அவரை வெறுத்தனர். மருத்துவச்சிகள் சினந்தனர், மனைவியரை இழந்த வீடுகளில் அவர் பெயர் எவ்வாறு பேசப்பட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. நூல் வெளிவந்த அவ்வாண்டே அவர் கடற்படைக்குத் திரும்பினார். க்ஷயரோகம் பற்றி 1799-இல் தமது 47-ஆம் வயதில் காலஞ்சென்றார்.

1843-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்னும் வைத்தியர் கார்டனின் நூலை எடுத்துக் காட்டி அதே உண்மையை நிலைநாட்ட முயன்றார். அவரையும் பெரிய பிரசவ வைத்தியர்கள் எள்ளினர். 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்பவர், பிணம் அறுத்த கையோடு பிரசவ அறைக்கு வரும் மாணாக்கர் குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவ வேண்டுமென விதித்து, மரணங்களை வெகுவாகக் குறைத்தார். நோய்க்கிருமியைப் பாரிஸில் பாஸ்டர் 1879-இல் சுட்டிக் காட்டினார். சல்பா மருந்தால் அது வசப்பட்டது 1930-களின் பிற்பகுதியில்தான்.

கார்டனின் பட்டியல் இன்றும் படிக்கக் கிடைக்கின்றது. பெயர், வயது, குடியிருந்த இடம், பேறு பார்த்தவர். எதிரே, பிழைத்தாள் அல்லது இறந்தாள் என்னும் ஒரு சொல்.