விம்பிள்டன் புல்லும் கோவை மண்ணும்

பைக்காரா மின்சாரம் 1930-களில் கோவையின் நூற்பாலைகளைப் பெருக்கியது. ஆலைகளோடு பணம் வந்தது, பணத்தோடு கல்லூரிகள் வந்தன, கல்லூரிகளோடு விளையாட்டும் வந்தது. கூடைப்பந்தில் கோவைக்குத் தனி மரியாதை உண்டு. கார் பந்தயத்தில் கரிவரதன் ஒரு தலைமுறையையே உருவாக்கினார். 2005-இல் ஃபார்முலா ஒன் போட்டியில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்க்காரர்தான். டென்னிஸ் கதை மட்டும் வேறு மாதிரி. விம்பிள்டன் என்ற ஒற்றைப் பெயரைச் சுற்றியே டென்னிஸ் உலகம் இயங்கிய நூறாண்டுக் காலத்தில் சென்னையிலிருந்து அரையிறுதி வரை போனார்கள். கொங்கு நாட்டிலிருந்து அந்த உயரத்துக்கு யாரும் போகவில்லை. கோவையில் பிறந்து டென்னிஸ் வரலாற்றில் இடம் பிடித்த நிருபமா வைத்தியநாதன் 1998-இல்தான் வருகிறார், அதுவும் புல்தரை இல்லாத மெல்போர்னில். இதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. டென்னிஸ் உலகம் புல்லை விட்டு நகர்ந்த பிறகுதான் கோவை போன்ற ஊர்களுக்கு அதில் இடம் கிடைத்தது என்பதே இங்கே நான் சொல்ல வருவது.

டென்னிஸில் புல் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1830-இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் புல்வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். அதன்பின் வசதியான வீடுகளின் முற்றங்களில் சீராக வெட்டிய புல்வெளி வழக்கமானது. அந்தப் புல்வெளிகளில் முதலில் ஆடியது குரோக்கே. விம்பிள்டனை நடத்தும் ஆல் இங்கிலாந்து கிளப்பே குரோக்கே கிளப்பாகத்தான் பிறந்தது. 1877-இல் அங்கே முதல் டென்னிஸ் போட்டி நடந்தபோது ஆடியவர்கள் 22 பேர். குதிரைக்குட்டி இழுக்கும் புல்தரை உருளையைப் பழுதுபார்க்கப் பணம் திரட்டுவதற்காக அந்தப் போட்டி நடந்தது என்பது கிளப்பின் பழங்கதை. ஆக, புல் முதலில் இருந்தது. அதன்மேல் ஆட்டம் வந்து உட்கார்ந்தது. புல்வெளி வைத்துப் பராமரிக்க முடிந்தவர்களின் ஆட்டமாக அது தொடங்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 1974 வரை நான்கு கிராண்ட்ஸ்லாம்களில் மூன்று புல்தரையில்தான் நடந்தன. பிரெஞ்சுப் போட்டி மட்டும் மண்ணில். புல்லில் பந்து மேலே எழும்பாது. தரையை ஒட்டிச் சறுக்கிக்கொண்டு வரும். முழங்காலை மடித்து, பந்து எழுவதற்குள் அடித்துப் பழகாதவர் அங்கே நிற்க முடியாது. அந்தப் பழக்கம் புல்தரையில் ஆடினால்தான் வரும்.

சென்னைக்கு அது கிடைத்தது. வெள்ளைக்காரர் காலத்துக் கிளப்புகள், அவற்றின் புல்தரைகள், தென்னிந்தியப் போட்டிகள், இவற்றை நடத்திய மனிதர்கள் எல்லாம் ஒரே நகரத்தில் இருந்தனர். 1937-இல் நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணனுக்குத் தந்தை டி.கே.ராமநாதனே ஆசான், என்றாலும் வளர்ந்தது சென்னை டென்னிஸில்தான். 1954-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை அவர் வென்றார். அங்கே அப்படி வென்ற முதல் ஆசியர் அவர். 1960-லும் 1961-லும் அரையிறுதிக்குப் போனார். 1961 காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில், 6-1, 6-4, 6-4 என்று வீழ்த்தியதை இன்றைக்கும் வியக்காமல் இருக்க முடியாது. மொத்தம் 12 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களை வென்றவர் எமர்சன். கிருஷ்ணனிடம் வேகமான சர்வீஸ் கிடையாது. பந்தைத் தடவிக் கொடுப்பதுபோல் எங்கே வேண்டுமோ அங்கே வைக்கும் கையும், எதிராளி எங்கே நகர்வார் என்று முன்கூட்டியே அறியும் கண்ணும் இருந்தன. பந்து தாழ்ந்து சறுக்கும் தரையில் அவை போதுமானதாக இருந்தன. விஜய் அமிர்தராஜ் 1973-லும் 1981-லும் காலிறுதி கண்டார். கிருஷ்ணனின் மகன் ரமேஷ் 1979-இல் சிறுவர் பட்டமும் 1986-இல் காலிறுதியும் கண்டார். மூவரும் சென்னைக்காரர்கள்.

இதையெல்லாம் கோவை ஏன் செய்யவில்லை? மழை இல்லாத ஊர் என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அது சரியான பதில் இல்லை. லண்டனில் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறக்குறைய 600 மில்லிமீட்டர். கோவையில் பெய்வதும் அதற்குக் குறைந்ததில்லை. வேறுபாடு, மழை பெய்யும் விதத்திலும் அதைக் குடிக்கும் வெயிலிலும் இருக்கிறது. லண்டன் மழை பன்னிரண்டு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூறும். கோவையின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மாசி, பங்குனியில் நிலம் காய்ந்து கிடக்கும். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். சிறுவாணித் தண்ணீர் வரும்வரை குடிநீருக்கே தவித்த ஊர் இது. அந்தத் திட்டத்துக்காகப் பாடுபட்ட நகரசபைத் தலைவர் இரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத்தான் ஆர்.எஸ்.புரம் தாங்கி நிற்கிறது. குடத்தோடு மக்கள் காத்திருக்கும் ஊரில் டென்னிஸ் தரைக்குக் கோடை முழுக்கத் தண்ணீர் பாய்ச்சுவது எவ்வளவு பெரிய ஆடம்பரம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அறுகு முளைக்காத மண் கொங்கில் உண்டா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. நம் நாட்டுப் புல்தரை ஆடுகளங்கள் பெரும்பாலும் அறுகம்புல்லால் ஆனவையே. கரிசல் காட்டு விவசாயி அறுகோடு மல்லுக்கட்டிய கதை ஊருக்கு ஊர் உண்டு. கிழங்கோடு தோண்டி எடுத்தாலும் அடுத்த மழைக்குத் தலைதூக்கும். முளைப்பது பெரிதில்லை. அதை விரலளவுக்கும் கீழே வெட்டி, தினம் நீர் காட்டி, உருளை ஓட்டி, ஆடிய இடம் வழுக்கையானால் மறுபடி நட்டு, கோடையில் கரிசல் வெடிப்பு விடாமல் காத்து, வருடத்தில் சில மாதமாவது ஆட்டத்துக்குத் தர வேண்டும். விம்பிள்டனில் புல்லின் உயரம் 8 மில்லிமீட்டர். அந்த அளவைப் பிடித்து வைக்கப் பணம் மட்டும் போதாது. புல்லுக்கென்றே ஆள்களை அமர்த்தியிருக்கும் கிளப் வேண்டும்.

அடுத்த மறுப்பு இதைவிட வலுவானது. கோவையில் கிளப்புக்கும் பணத்துக்கும் என்ன பஞ்சம்? 1888-இல் ஸ்டேன்ஸ் ஆலை தொடங்கிய ஊர். 1891-லேயே காஸ்மாபாலிட்டன் கிளப் கண்ட ஊர். மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் ஊட்டி. அங்கே 1848-லேயே தாவரவியல் பூங்கா அமைந்து, இங்கிலாந்துப் புல்வெளியை அப்படியே விரித்து வைத்திருந்தார்கள். உண்மைதான். ஆனால் கிளப் என்பது உறுப்பினர்களின் இடம். மாலையில் வக்கீலும் ஆலை முதலாளியும் டாக்டரும் ஓரிரு மணி நேரம் ஆடுவதற்கும், ஏழு வயதுக் குழந்தை விடியற்காலையில் வந்து நூற்றுக்கணக்கான பந்துகளை அடிப்பதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது. புல் நொந்துபோகும் என்று காலை ஆட்டத்தைத் தடுக்கும் தரையில் ஆட்டக்காரர் உருவாக மாட்டார். ஊட்டி வெள்ளைக்காரர்களின் கோடைவாசத்துக்காக எழுந்தது. சமவெளிப் பிள்ளைகளுக்கு அது எந்தக் காலத்திலும் பயிற்சிக்கூடமாக இருந்ததில்லை. நம் ஊர்களில் சாமானியருக்குக் கிடைத்த டென்னிஸ் தரை மண்தரைதான்: செம்மண்ணோ புற்றுமண்ணோ கொட்டி, தண்ணீர் தெளித்து, உருட்டி, சாணம் மெழுகி, சுண்ணாம்பில் கோடு போட்டது. நெல்லடிக்கும் களத்தைத் தயார்செய்யத் தெரிந்த எந்த ஊருக்கும் இது கைவந்த வேலை. இந்தத் தரையில் பந்து நன்றாக எழும்பும். எழும்பும் பந்தில் பழகிய கை, அன்றைய உலக டென்னிஸின் பெரும்பகுதிக்கு உதவாத கையாக இருந்தது.

நிலைமை மாறியது 1970-களில். அமெரிக்க ஓப்பன் 1975-இல் புல்லை விட்டது. மூன்றாண்டு களிமண்ணில் நடந்து, 1978-இல் கடினத் தரைக்குப் போனது. ஆஸ்திரேலிய ஓப்பன் 1988-இல் கூயோங் புல்தரையை விட்டு மெல்போர்ன் பார்க்கின் கடினத் தரைக்கு நகர்ந்தது. கிராண்ட்ஸ்லாம்களில் விம்பிள்டன் மட்டுமே புல்லில் எஞ்சியது. அதற்குச் சரியாகப் பத்தாண்டு கழித்து, 1998 ஜனவரியில், அதே மெல்போர்ன் பார்க்கில் 21 வயது நிருபமா இத்தாலியின் குளோரியா பிஸ்ஸிச்சினியை வென்றார். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குப் போட்டிகள் திறந்துவிடப்பட்ட 1968-க்குப் பிறகு, கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் வென்ற முதல் இந்தியப் பெண் அவர். தந்தை கே.எஸ்.வைத்தியநாதன் ரஞ்சிக் கோப்பையில் ஆடிய கிரிக்கெட் வீரர். மகளுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. நிருபமா தன் வாழ்க்கைக் கதைக்கு ‘தி மூன்பாலர்’ என்று பெயர் வைத்தார். மூன்பால் என்பது வலைக்கு வெகு உயரத்தில் தூக்கி அடித்து, எதிராளியின் தோளுக்கு மேல் எழும்பவைக்கும் பந்து. எழும்பும் தரையில் அது எதிராளியைப் பின்னுக்குத் தள்ளும். பழைய விம்பிள்டன் புல்லில் அதே பந்து எழாமல் சோர்ந்துவிடும், எதிராளி முன்னே ஓடிவந்து முடித்துவிடுவார். கூயோங்கிலேயே ஆஸ்திரேலியப் போட்டி இருந்திருந்தால் அந்த வெற்றி வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஒரே ஒருவரை வைத்து வரலாறு சொல்லலாமா என்று கேட்பவர்கள் 1934-ஐயும் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு விம்பிள்டனில் ஆட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் லீலா ராவ். பம்பாயின் வசதியான வீட்டில் பிறந்தவர். தாய் க்ஷமா ராவ் சமஸ்கிருத எழுத்தாளர், தாமே டென்னிஸ் சாம்பியன். புல்தரையும் கிளப்பும் கப்பல் பயணமும் அந்த வீட்டுக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. அவருக்கும் நிருபமாவுக்கும் நடுவே 64 ஆண்டுகள். அத்தனை காலமும் இந்தியப் பெண்களுக்குத் திறமை இல்லாமல் போய்விட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

என் வாதத்துக்கு எதிரான மிகக் கனமான சான்று ஆண்கள் டென்னிஸில் இருக்கிறது. புல் போனதும் நாம் வளர்ந்தோமா, தேய்ந்தோமா? 1966-இல் கல்கத்தாவின் புல்தரையில் பிரேசிலின் தோமஸ் கோக்குக்கு எதிராக நான்காவது செட்டில் 2-5 என்று பின்தங்கியிருந்த கிருஷ்ணன் மீண்டுவந்து, இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனார். 1987-இல் சிட்னி புல்லில் ஆஸ்திரேலியாவை வென்று இந்தியா மறுபடியும் இறுதிக்குப் போனது. அந்த இறுதிப் போட்டியைச் சுவீடன் தன் ஊர் களிமண்ணில் வைத்து 5-0 என்று முடித்துவிட்டது. புல்லே நம் ஆயுதம், அது குறைந்ததால் நாமும் குறைந்தோம் என்பதை நான் மறுக்கவில்லை. விம்பிள்டன் அரையிறுதியை எட்டிய இந்திய ஒற்றையர் ஆட்டக்காரர் கிருஷ்ணனுக்குப் பின் வரவேயில்லை. ஆனால் அந்த ஆயுதம் யார் கையில் இருந்தது? சென்னை, கல்கத்தா, டெல்லி என்று சில நகரங்களின் சில குடும்பங்களிடம். அந்தக் குடும்பங்களின் மேதைமையை நான் துளியும் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் இந்திய டென்னிஸே இல்லை. உச்சம் தாழ்ந்ததும் வாசல் அகன்றதும் ஒரே மாற்றத்தின் இரண்டு விளைவுகள். ஒன்றை மட்டும் எண்ணி நட்டக்கணக்கு எழுதினால், கோவையில் பிறந்த பெண்ணை அந்தக் கணக்கு விட்டுவிடும்.

விம்பிள்டனே கூட மாறிவிட்டது. 2001-இல் அங்கே கலப்புப் புல்லை எடுத்துவிட்டு முழுக்க ரைகிராஸ் என்ற வகையைப் போட்டார்கள். தரை உறுதியானது, பந்து முன்னைவிட எழும்புகிறது, பின்கோட்டில் நின்று ஆடுபவர்களும் பட்டம் வெல்கிறார்கள். இன்று சிமென்ட் தரையில் பழகும் கோவைப் பிள்ளைக்கு லண்டன் புல் தன் தாத்தா காலத்தைப்போல் அந்நியமில்லை. இப்போது மறிப்பது தரை அல்ல, பயணச் செலவு. தரவரிசைப் புள்ளிக்காக ஐரோப்பாவில் மாதக்கணக்கில் அலையப் பணம் வேண்டும். உள்ளூரிலேயே சர்வதேசப் போட்டிகள் நடந்தால்தான் அந்தச் சுமை குறையும். சென்னை ஓப்பன் ஆண்கள் போட்டி 2018-இல் புனேவுக்குப் போய்விட்டது பெரிய இழப்பு. 2022-இல் நுங்கம்பாக்கத்தில் பெண்கள் போட்டியாக அது திரும்பி வந்தபோது, சேரன் எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி பயணம் செய்தால் உலகத் தரவரிசை ஆட்டத்தைக் கொங்குப் பெண்பிள்ளைகள் நேரில் பார்க்க முடிந்தது. அந்தப் போட்டி ஆண்டு தவறாமல் நடக்க வேண்டும். அதோடு கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் சிறிய சர்வதேசப் போட்டிகளை நடத்த ஆலைக்காரர்களும் அரசும் கைகோக்க வேண்டும்.