டின்பாலும் ஒரு வாய்ச் சோறும்

‘பிள்ளை எதையுமே சாப்பிட மாட்டேங்குது.’ சின்னப் பிள்ளை இருக்கும் எந்தத் தமிழ் வீட்டிலும் கேட்கிற பேச்சுதான் இது. சுவா சூ காங் வீவக அடுக்குமாடிகளில் கொஞ்சம் அதிகமாகவே கேட்கும், ஏனென்றால் இளம் குடும்பங்கள் நிறைந்த பேட்டை அது. பிள்ளைக்கு ஒன்றரை வயது, மிஞ்சினால் இரண்டரை. தயிர்சாதம் இறங்கும், ரொட்டி இறங்கும். கீரையைக் கண்டால் உதட்டை இறுக்கிக்கொள்ளும். போன வாரம் ஆசையாகத் தின்ற பூசணியை இந்த வாரம் துப்பிவிடும். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி மருமகளைப் பார்ப்பார். மருமகள் பணிப்பெண்ணைப் பார்ப்பார். கடைசியில் எல்லாரும் சேர்ந்து பிள்ளையைப் பார்ப்பார்கள்.

யாரைக் குறை சொல்வது என்ற இந்தக் கேள்விக்குச் சிங்கப்பூரில் நூறு வருட வரலாறு இருக்கிறது.

சுவா சூ காங்கின் பெயரிலேயே பழைய கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தியோச்சூக்காரர்கள் ஆற்றோரமாகக் காடழித்து மிளகும் கேம்பியரும் போட்டார்கள். அப்படிப்பட்ட ஆற்றங்கரைக் குடியிருப்புகளுக்குச் ‘சூ காங்’ என்று பெயர். சுவா என்பது ஒரு குலப்பெயர். பிறகு ரப்பர், தென்னை, அன்னாசி வந்தன. அதற்கும் பிறகு காய்கறித் தோட்டங்களும் கோழிப்பண்ணைகளும் பன்றிப்பண்ணைகளும். பன்றி வளர்ப்பைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அரசு 1984இல் அறிவித்தது. எம்ஆர்டி நிலையம் 1990இல் திறந்தது. இன்று இருபதாவது மாடியில் ‘கீரை வேண்டாம்’ என்று முகத்தைத் திருப்பும் பிள்ளை, ஒரு காலத்தில் நகரத்துக்கே கீரை அனுப்பிய மண்ணுக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கிறது.

அன்றைக்கு இந்தப் பகுதி நகராட்சி எல்லைக்கு வெளியே இருந்தது. நகருக்குள் 1910 வாக்கிலேயே குழந்தை பெற்ற வீடுகளைத் தேடித் தாதிகள் போக ஆரம்பித்துவிட்டார்கள். கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் அந்தச் சேவை வர 1927 ஆனது. அதை நடத்த வந்தவர் ஐடா சிம்மன்ஸ் என்ற தாதி. வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் பார்த்தார், கிராமத்து மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். நடுவில் ஜப்பானியர் காலத்துச் சிறைவாசம் போக, 1948 வரை இதே வேலைதான். ‘பிள்ளை கீரை தின்னவில்லை’ என்பது அப்போது யாருக்கும் பெரிய கவலையாக இருக்கவில்லை. முதல் பிறந்தநாளைப் பிள்ளை பார்க்குமா என்பதுதான் கவலை.

அந்தக் கவலைக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது டின்பால்.

பாலுக்கும் தேக்காவுக்கும் பழைய உறவு. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு எல்லாம் மாட்டுக் கொட்டகைகள் இருந்த இடங்கள். நம்மவர்கள் ‘கேகே’ என்று சுருக்கிச் சொல்லும் மருத்துவமனையின் முழுப்பெயரான கண்டாங் கெர்பாவ் என்பதற்கே மலாயில் எருமைக் கொட்டகை என்றுதான் அர்த்தம். 1966இல் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. கறந்த பால் அவ்வளவு பக்கத்தில் கிடைத்தும், குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில், இந்த வெக்கையில், அது சாயங்காலம் வரை தாங்காது. டின்பால் தாங்கும். இனிக்கும். கரண்டியால் எடுத்துச் சுடுதண்ணியில் கலக்கினால் போதும். ஆனால் அதில் கிட்டத்தட்ட பாதி சர்க்கரை. கொழுப்பு நீக்கிய மலிவு ரகத்தில் கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ கிடையாது. அதையே குடித்து வளர்ந்த குழந்தைகளுக்குப் பார்வை போன கதைகள் அந்தக் கால மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

1936இல் மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுத்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அவர்களில் ஒருவர். ஜமைக்காவில் பிறந்தவர். அதற்கு முன் இன்றைய கானாவில் வேலை பார்த்தபோது, ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகள் கால் வீங்கி, தோல் உரிந்து இறப்பதைக் கவனித்து 1933இல் எழுதினார். அந்த ஊர்த் தாய்மார்கள் அதற்கு வைத்திருந்த பெயரையே மருத்துவ உலகுக்கும் கொண்டுவந்தார்: குவாஷியோர்கர். அடுத்த குழந்தை வந்ததும் மடியிலிருந்து இறக்கிவிடப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்று பொருள். தாய்ப்பால் நின்றுபோகும், அந்த இடத்தில் வெறும் சோளக்கஞ்சி வரும். பால் மறப்பதற்கும் பெரியவர்களின் சாப்பாட்டுக்கு வந்து சேர்வதற்கும் நடுவில் இருக்கும் அந்த இரண்டு வருடம்தான் ஆபத்தானது என்று அவர் கண்டார். இன்று நாம் ‘அடம் பிடிக்கிற வயசு’ என்கிறோமே, அதே வயது.

சிங்கப்பூரில் அவர் பார்த்தது வேறொரு காட்சி. தாதி மாதிரி உடுத்திய விற்பனைப் பெண்கள், பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய், ‘தாய்ப்பாலைவிட இது நல்லது’ என்று டின்பாலை விற்றார்கள். குழந்தை இறந்தால், ‘தாய்மார்களுக்கு விவரம் போதாது’ என்று அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேச அழைத்தபோது வில்லியம்ஸ் தன் பேச்சுக்கு வைத்த தலைப்பு, ‘பாலும் கொலையும்’. பொருந்தாத பாலை விளம்பரம் செய்து குழந்தைகளைச் சாகவிடுவதைக் கொலையாகவே எண்ண வேண்டும் என்று வியாபாரிகளும் உட்கார்ந்திருந்த அந்தச் சபையிலேயே சொன்னார். தாயைப் பார்த்து நீட்டிய விரலை விற்பவன் பக்கம் திருப்பிவிட்ட பேச்சு அது.

மூன்று வருடத்தில் அவரே சாங்கியில் ஜப்பானியரின் கைதியானார். உள்ளே பிறந்த இருபது குழந்தைகளும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன என்று பின்னாளில் அவர் சொல்வதுண்டு. டின்பால் கைக்கு எட்டாத இடத்தில் கிடைத்த சாட்சி அது.

அதே 1939இல், உலகத்தின் இன்னொரு மூலையில், இன்னொரு பெண் மருத்துவர் ஒரு சோதனையின் முடிவைச் சொன்னார். அவர் கிளாரா டேவிஸ். அதுவரை தாய்ப்பாலைத் தவிர வேறெதையும் ருசி பார்க்காத பதினைந்து குழந்தைகளைத் தன் பொறுப்பில் வைத்து, வருடக்கணக்கில் கவனித்தார். மொத்தம் 34 உணவுகள்: பழம், காய், தானியம், முட்டை, மீன், ஈரல், எலும்பு மஜ்ஜை, பால், புளித்த பால். ஒவ்வொரு வேளையும் அதில் சிலவற்றைத் தனித்தனிக் கிண்ணத்தில் வைப்பார்கள். தாதி கரண்டியோடு சும்மா உட்கார்ந்திருப்பார். குழந்தை கையை நீட்டினால் ஊட்டலாம். ‘இதைச் சாப்பிடு’ என்று சொல்லக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது, பாராட்டவும் கூடாது. ஒரு குழந்தை தின்ற மாதிரி இன்னொன்று தின்னவில்லை. சில நாள் ஒன்றையே வெறியோடு தின்றன, அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருந்தும் பதினைந்தும் நன்றாக வளர்ந்தன.

இதைக் கேட்டு, ‘குழந்தைக்கு எது வேண்டும் என்று அதற்கே தெரியும், அதன் போக்கில் விட்டுவிடுங்கள்’ என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. டேவிஸ் அப்படிச் சொல்லவில்லை. சோதனையின் தந்திரமே உணவுப் பட்டியலில்தான் இருந்தது என்றார். அந்த 34இல் சர்க்கரை கிடையாது, மைதா கிடையாது, டின்னில் அடைத்தது எதுவும் கிடையாது. குழந்தை எதைத் தொட்டாலும் நல்லதாகவே இருக்கும்படி பெரியவர்கள் முதலிலேயே தேர்ந்துவிட்டார்கள். கடையில் விற்கும் பண்டங்களையும் கலந்து வைத்து இன்னொரு முறை பார்க்க அவருக்கு ஆசை. பொருளாதார மந்தத்தில் பணம் வற்றி, அது நடக்காமலே போயிற்று.

இருவரும் சொன்னதைச் சேர்த்து வைத்தால் ஒரு முழு விஷயம் கிடைக்கிறது. தட்டில் எது இருக்கலாம் என்பது பெரியவர்கள் பொறுப்பு, அந்தத் தட்டுக்குள் எது வந்து விழுகிறது என்பதில் சந்தைக்கும் பங்குண்டு. எவ்வளவு தின்பது என்பது பிள்ளையின் பொறுப்பு. நம் வீடுகளில் இது அப்படியே தலைகீழாக நடக்கிறது. என்ன வேண்டும் என்று பிள்ளையிடம் கேட்கிறோம், எவ்வளவு என்பதை நாம் முடிவு செய்து திணிக்கிறோம்.

போருக்குப் பிறகான சிங்கப்பூரில் அந்த முதல் பாதியை அரசும் தன் தலையில் ஏற்றுக்கொண்டது. 1947இல் சமூக நலத்துறை குழந்தை உணவு நிலையங்களைத் திறந்தது. இரண்டு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஒருவேளைச் சோறு. அங்கே தொண்டு செய்த பெண்களில் சிலர்தான், ஏழைக் குடும்பங்களின் நிலைமையைக் கண்ணால் பார்த்து, 1949இல் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1965இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 26 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். இப்போது அது ஏறக்குறைய இரண்டு. பசி விலகிய பிறகுதான் ‘சாப்பிட மாட்டேங்குது’ என்பதே ஒரு பிரச்சினையாக நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு விதத்தில் சந்தோஷப்பட வேண்டிய பிரச்சினை.

அதற்காக அதை அலட்சியம் செய்யவும் முடியாது. முதல் வருடத்தில் பிள்ளையின் எடை மும்மடங்காகிறது, இரண்டாவது வருடத்தில் ஏறுவது இரண்டு, இரண்டரைக் கிலோதான். வளர்த்தி மெதுவாகும்போது பசியும் குறைகிறது. நடக்கத் தொடங்கிய பிள்ளை கண்டதை வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதால்தானோ என்னவோ, புதிய உணவைக் கண்டு மிரளும் சுபாவமும் இதே வயதில்தான் தலையெடுக்கிறது. 1982இல் லியான் பர்ச்சும் அவருடன் வேலை பார்த்தவரும் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு அறியாத பழங்களையும் பாலாடைக்கட்டிகளையும் திரும்பத் திரும்ப ருசிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். எதை அதிகத் தடவை ருசித்தார்களோ அதையே அதிகம் விரும்பினார்கள். நாமோ மூன்று தடவை துப்பினதுமே, ‘இவனுக்குக் கீரை பிடிக்காது’ என்று பட்டம் கட்டிவிடுகிறோம். பத்து, பதினைந்து தடவையாவது தட்டின் ஓரத்தில் கீரை வரட்டும். நகக்கண் அளவு போதும், பிடித்த பருப்புச்சோற்றுக்குப் பக்கத்தில். தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தாலும் அது ஒரு தடவைக் கணக்குதான். குழம்பில் காரம் போடுவதற்கு முன் ஒரு கரண்டி எடுத்து வைத்தால், நாம் தின்பதையே பிள்ளையும் தின்னும். நாம் தின்பதை அது பார்க்க வேண்டும், அதுதான் முக்கியம். பணிப்பெண் ஆறு மணிக்குக் கைப்பேசியைக் காட்டி ஊட்டி முடித்து, அப்பா அம்மா ஒன்பது மணிக்குத் தனியாகச் சாப்பிடும் வீட்டில், பிள்ளை யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்?

நிலாச்சோறு ஊட்டிய சமூகம் நாம். கையில் பிசைந்த ஒரு வாய்ச் சோற்றில் உள்ள அன்பை எந்த ஆராய்ச்சியும் மறுக்கவில்லை. ஆனால் ‘பூச்சாண்டி வரான்’ என்று பயமுறுத்தி, மூடின வாயைத் திறந்து திணிப்பதும் அந்த மரபில்தான் இருக்கிறது. முன்னதை வைத்துக்கொண்டு பின்னதை விட்டுவிடலாம். எடை இறங்குகிற பிள்ளை, விழுங்கும்போது புரையேறுகிற பிள்ளை, தின்னும் வகைகள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும் பிள்ளை என்றால் கதை வேறு. காத்திருக்காமல் பலதுறை மருந்தகத்தில் காட்டிவிட வேண்டும்.

டின்னும் நம்மை விட்டுப் போய்விடவில்லை. சோறு இறங்கவில்லை என்றதும் பயந்து, நாளைக்கு நாலு புட்டி மாவுப்பால் கொடுக்கிறோம். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் பால் ஏராளம். அதற்கு மேல் போனால் வயிறு பாலிலேயே நிறைந்துவிடும், சோற்றுக்கு இடமிருக்காது. 2017இல் சிங்கப்பூரின் போட்டித்தன்மை ஆணையம் வெளியிட்ட அறிக்கைப்படி, 900 கிராம் மாவுப்பால் டின்னின் சராசரி விலை 2007இல் ஏறக்குறைய 25 வெள்ளி, 2016இல் 56 வெள்ளி. உயர்ந்த ரகம் என்று காட்டும் விளம்பரத்துக்கு அதில் பெரிய பங்கு. தாதி உடுப்பு போய்விட்டது, தாயின் பயத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு விற்கும் கலை போகவில்லை.

அதனால் அடுத்த முறை பாட்டி மருமகளைப் பார்க்கும்போது, மருமகள் தைரியமாகச் சொல்லலாம்: என்னைப் பார்க்காதீங்க அத்தை, பிள்ளையையும் திட்டாதீங்க. முதல்ல அந்தப் புட்டியை எடுத்து வைப்போம். அப்புறம் நாம எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம்.